சேற்றில் இறங்க ஓர் ஆள்

அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். போன மாதம் இருந்த இருமல் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மா சௌக்கியமா?

விசாரித்தாயிற்று, இனி விஷயம். நீ அனுப்பிய மூன்று தன்னார்வலர்களும் திரும்பிப் போய்விட்டார்கள். முதல் ஆளுக்குச் சேறு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது ஆள் முதல் ஆளைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினார், அவரும் திரும்பி வரவில்லை. மூன்றாவது ஆள் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வந்து, பறவை எங்கே என்று கேட்டார். ஏப்ரலில்தான் வரும் என்றேன். அப்படியானால் ஏப்ரலில் வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பறவை வந்தபிறகு எனக்கு யாரும் வேண்டாம். அப்போது திட்டுப் பக்கம் மனித வாடையே அடிக்கக்கூடாது. எத்தனை முறை எழுதியிருக்கிறேன்? இந்த உப்பங்கழிக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு மணல் திட்டு. இங்கே வரும் ஆலாப் பறவைகள் கூடு கட்டுவதில்லை, வெறும் மணலில்தான் முட்டையிடும். திட்டின் மேடு முழுக்க முட்புதராகக் களை மூடிக்கிடக்கிறது. மேடு மூடியிருந்தால் அவை தண்ணீர் ஓரமாக இறங்கி முட்டையிடும், ஒரு பெரிய அலை வந்தால் எல்லாம் போச்சு. ஆகவே பிப்ரவரிக்குள் களையை வேரோடு எடுத்தாக வேண்டும். இடுப்பளவு சேற்றில் நடந்து, திட்டில் ஏறி, குனிந்து வேலை செய்யப் பத்துப் பேர் வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலம் பேச வேண்டியதில்லை.

இயற்கைக்கு உதவ ஆசைப்படுகிற ஆளையும் உதவி தேவைப்படுகிற இடத்தையும் சேர்த்துவைப்பதுதான் உன் அலுவலகத்தின் ஒரே வேலை. சேர்த்துவைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் கூடப்பிறந்தவள். அப்படியிருந்தும் எனக்கு இந்தக் கதி என்றால் மற்ற நிலையங்கள் என்ன பாடுபடுகின்றனவோ.

கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடந்துபோய்ப் பேசலாம். பேசினால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சாமான் வண்டியில் பதில் வரட்டும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


நவம்பர் 3

என் வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். உன் இருமல் போனதில் நிம்மதி. வெந்நீர் குடி, ஈரத்துணியோடு உட்காராதே.

உன் கோபத்தைப் படித்தேன். மூக்குக்கு மேல் கோபம் உனக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு. பத்துப் பேரை ஒரே நேரத்தில் அனுப்புவது லேசில்லை. முதலில் ஒருவரை அனுப்புகிறேன். பல் டாக்டர். முப்பத்தொன்பது வயது. பொறுமைசாலி, சிகரெட் கிடையாது, சொந்த வீடு இருக்கிறது. சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குப் பொறுப்புணர்ச்சி அதிகம் என்பது இத்தனை வருட வேலையில் நான் கண்டது. அவரிடம் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசு. வந்த ஆளையெல்லாம் நாயை விரட்டுவதுபோல விரட்டாதே.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை முடிப்பதற்குள் நாலைந்து முறை எழுந்துபோக வேண்டியிருந்தது. வீட்டில் அப்படித்தான், ஒன்று மாற்றி ஒன்று.

அடுத்த முறை வரும்போது இரண்டு நாளில் ஓடிவிடாமல் ஒரு மாதமாவது இருந்துவிட்டுப் போ. உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன் அக்கா


நவம்பர் 24

அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன்.

உன் பல் டாக்டர் வெள்ளைக் கால்சட்டையில் வந்து இறங்கினார். நிலையத்துப் படகுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பல் பிடுங்குகிறவர் ஆயிற்றே, களையை வேரோடு பிடுங்குவார் என்று நம்பினேன். தழையை மட்டும் பூப்பறிப்பதுபோலக் கிள்ளினார். மறுநாள் மழை பெய்தது. அவர் கிள்ளிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்துவிட்டது.

மூன்றாம் நாள் என் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப்பல்லைப் பார்த்தார். சொத்தை ஆரம்பிக்கிறதாம், நகரத்துக்கு வந்தால் இலவசமாக அடைத்துத் தருவாராம். எவ்வளவு காலம் இந்த இடத்தில் இருப்பதாக உத்தேசம் என்று கேட்டார். களை போகும்வரை என்றேன். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு மண்வெட்டி பிடிக்கிற கை வேண்டும்.

பெண்கள் வந்தாலும் சரி. இங்கே இரண்டு அறை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. நாள் ஓடுகிறது அக்கா. தயவுசெய்து விளையாடாதே.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

தங்கை


டிசம்பர் 19

வாலு,

பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை சரியாக இருந்தது, கை ஒழியவில்லை. மற்றபடி நலம். அம்மாவும் நலம், உன்னைப் பற்றித்தான் எந்நேரமும் பேச்சு. குளிர் ஏறிவிட்டது, காதுக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா?

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரை அடுத்த வாரம் அனுப்புகிறேன். பல் டாக்டரைவிட உடல் திடமானவர், காலையில் ஓடுகிற பழக்கம் உண்டாம். பெற்றோர் இல்லை. தனிக்கட்டை. நமது வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். தற்செயல்தான். வேலை விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதரோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடி.

இன்னொன்று. இங்கே ஏரிப் பூங்காவில் பொறுப்பாளர் வேலை காலியாக இருக்கிறது. அங்கேயும் பறவைதான், தண்ணீர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். யோசித்துப் பார். முப்பத்தாறு வயதில் ஒரு மணல் திட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று யார் உனக்கு விதித்தது?

கோபித்துக்கொள்ளாதே. சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

உன் வங்கிக்காரர் நேற்றுத்தான் கிளம்பினார். கொஞ்சம் வேலையும் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் போகிற அன்று காலையில் சேற்றுக் காலோடு என் முன்னால் நின்று, தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

“உங்க அக்கா சொன்னாங்களே, நீங்க சீக்கிரமே மாத்தல் வாங்கிட்டு நகரத்துக்கு வந்துடுவீங்கன்னு. அதை நம்பித்தான் நான் சரின்னேன்.”

“எதுக்குச் சரின்னீங்க?”

“உங்களை வந்து பார்க்கத்தாங்க.”

படகுக்காரர் துடுப்பைப் பிடித்தபடி வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். பாவம் அந்த மனிதர், என் முகத்தைப் பார்த்ததும் தனக்கு எதுவுமே சரியாகச் சொல்லப்படவில்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும்? நீ கேள்.

அதாவது, அரசு செலவில், ஓர் அழிந்துகொண்டிருக்கும் பறவையின் பெயரைச் சொல்லி, நீ எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். சிகரெட் உண்டா, வீடு உண்டா, தெரு எது என்று விசாரித்த நீ, அவருக்கு நீந்தத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைவிட வயிறு எரிகிற சங்கதி இன்னொன்று. வங்கிக்காரரின் அண்ணன் மகள் ஒரு ஹாக்கி அணியில் ஆடுகிறாளாம். சேறு, தண்ணீர், கடின வேலை, எதுவானாலும் சரி என்று எழுதிக்கொடுத்து மொத்த அணியும் நவம்பரிலேயே உன்னிடம் வந்ததாம். அவர்களை எங்கே அனுப்பினாய்? தாவரத் தோட்டத்துக்கு. செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுத. பெண்கள் என்பதால் என் திட்டுக்கு அவர்கள் லாயக்கில்லை, அப்படித்தானே? நான் பிச்சை கேட்பதுபோலக் கேட்ட கைகள் அங்கே உட்கார்ந்து எழுத்துக்கு வர்ணம் தீட்டின.

கல்யாணத்தில் அவ்வளவு ஆசை இருந்தால் நீ செய்துகொள். நாற்பத்திரண்டு ஆகிறது உனக்கு. என்னை விடு.

உன் இயக்குநருக்குப் புகார் எழுதி இதே வண்டியில் அனுப்பிவிட்டேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். தினமும் நாலு மணிக்கே நீ பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாய் என்று வங்கிக்காரர் போகிறபோக்கில் சொன்னார். அதையும் எழுதினேன். மற்றவர்கள் இடுப்பளவு சேற்றில் நிற்கும்போது இப்படி வேலை பார்க்கிறவருக்கு ஒரு நிலையத்தின் அவசரம் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். பூசி மெழுக எனக்கு வராது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி அவளை வருத்தப்படுத்தாதே.

தங்கை


பிப்ரவரி 11

தங்கைக்கு,

உன் புகார் வந்து சேர்ந்தது. இயக்குநர் என்னை எதிரே உட்காரவைத்துச் சத்தமாகப் படித்தார். உண்மைக்குப் புறம்பாக அதில் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். விசாரணை முடியும்வரை என்னை வேறு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

நாங்கள் நலம்.

அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். உங்கள் நலனைக் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை, ஆகவே நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆலாக்கள் வந்தன. எப்போதும்போல ஏப்ரல் முதல் வாரத்தில் வெள்ளையாக வானத்தை நிரப்பிக்கொண்டு, காது கிழியக் கத்திக்கொண்டு வந்தன. திட்டுக்கு மேலே சுற்றிச்சுற்றிப் பார்த்தன. நானும் படகுக்காரரும் இரண்டு பேராக எவ்வளவு களையெடுக்க முடியும்? மேட்டில் கால் பங்குகூடச் சுத்தமாகவில்லை. பிப்ரவரியில் ஒருவரும் வரவில்லை, மார்ச்சில் ஒருவரும் வரவில்லை. உன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆளுக்கு எழுதிக் கேட்டேன். புகார் கொடுத்த நிலையத்துக்கு விசாரணை முடியும்வரை ஆள் அனுப்புவதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

மேட்டில் இடமில்லாமல் அவை தண்ணீர் ஓரமாகவே இறங்கின. முட்டையிட்டன. நான் தினமும் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன திங்கள்கிழமை காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. மத்தியானத்துக்குள் கழி பொங்கி ஓரம் முழுக்க ஏறிவிட்டது. தாய்ப்பறவைகள் வயிறு நனையும்வரை முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. அப்புறம் எழுந்தன. முட்டைகள் ஒவ்வொன்றாக மிதந்து போவதைக் கரையிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய் எடுக்கவும் முடியாது, எடுத்து ஒன்றும் செய்யவும் முடியாது.

படகுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. நீ மாப்பிள்ளை தேடிய அந்த மூன்று மாதம் எனக்குத் தேவைப்பட்ட மூன்று மாதம். இதை உன்னால் எனக்குத் திருப்பித் தர முடியுமா? பதில் போடாமல் முறுக்கிக்கொண்டு இருக்கிறாயே, முறுக்கிக்கொள்ள வேண்டியது நீயா நானா?

அம்மா எப்படி இருக்கிறாள்?

தங்கை


மே 4

தங்கைக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அம்மாவின் வலது இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அறுவை செய்து தகடு வைத்திருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கிறாள். விழுந்தது மார்ச் மாதம். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். துறை அலுவலகத்தின் வழியாக ஒரே நாளில் உனக்குச் செய்தி அனுப்பியிருக்கலாம்தான். உனக்குச் சொல்லக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். இன்றைக்கும் அந்த வீம்பு போகவில்லை.

அம்மாவுக்கு மறதி வந்து மூன்று வருடமாகிறது. சாவியை எங்கே வைத்தேன் என்கிற மறதி இல்லை. நான் யார் என்பதே மறந்துபோகிற மறதி. ஆரம்பத்தில் உனக்கு எழுதினேன். வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா என்று பதில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் ஒரு புது வலைக்கு விலை கேட்டிருந்தாய். அதற்கப்புறம் நான் எழுதவில்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா சௌக்கியமா என்று கேட்கிறாய், கேட்ட கையோடு களைக்குப் போய்விடுகிறாய். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத நீ எங்கே இடம் விட்டாய்?

வருடத்துக்கு இரண்டு நாள் நீ வருவாய். அந்த இரண்டு நாளுக்கும் காலையிலேயே அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, உன் பெயரைத் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொடுத்து உட்காரவைப்பேன். நீ வந்ததும் அவள் உன் பெயரைச் சொல்வாள். அம்மா எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் என்று நீ பூரித்துப்போவாய். அதைச் செய்திருக்கக்கூடாது. பெருமைக்காகச் செய்தேனா, உன்மேல் பாசத்தாலா என்று எனக்கே தெரியவில்லை.

பகலில் உதவிக்கு ஒரு பெண் வருகிறாள். நாலரைக்கு அவள் வேறு வீட்டுக்குப் போயாக வேண்டும். அதனால்தான் நாலு மணி. பழைய இயக்குநர் வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்திருந்தார். புதியவருக்கு உன் புகாரைப் படித்துத்தான் அந்த விஷயமே தெரிந்தது. மறுநாளிலிருந்து ஆறு மணிவரை நாற்காலியில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. வீட்டுக் காரணத்தைச் சொன்னேன். எல்லாருக்கும்தான் வீடு இருக்கு என்றார். அம்மாவை உள்ளே வைத்துக் கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போகச் சொல்லிப் பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. பூட்டியிருக்கலாம். மார்ச்சில் ஒரு சாயங்காலம் யாரையோ தேடிக்கொண்டு மாடிப்படியில் இறங்கியிருக்கிறாள். நான் வந்தபோது கடைசிப் படியில் கிடந்தாள்.

மாப்பிள்ளை பார்த்தேன், ஆமாம். உனக்கு ஒரு துணை வேண்டுமே என்று பார்த்ததாக உத்தமி வேஷம் போட மாட்டேன். எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நகரத்தில் வீடு இருக்கிற ஒருவனை நீ கட்டிக்கொண்டால் இங்கே வருவாய், வாரத்தில் இரண்டு நாளாவது நீ அம்மாவிடம் இருப்பாய், நான் தூங்குவேன் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு, முறை கேவலம். உன் முட்டைகள் போனதற்கு நான்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் யாரிடம் போய் ஆள் கேட்பேன்? ஆமைக்கு ஆள் வருகிறது, சதுப்புநிலத்துக்கு ஆள் வருகிறது, எங்கோ ஒரு தவளைக்குக்கூட விடுப்புப் போட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். வருடக்கணக்காக நான் எல்லாருக்கும் ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு கிழவிக்குச் சோறு ஊட்டி, துணி மாற்ற ஒருவர் வர மாட்டார்.

நீ செய்துகொள் என்று எழுதியிருந்தாயே. இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அறைக் கதவு திறந்ததும் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் நலமாக இல்லை. இனி அப்படி எழுத மாட்டேன்.

அக்கா


மே 8

அக்கா,

உன் கடிதத்தை வண்டிக்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டேன். அவர் சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவரை நிறுத்திவைத்து இதை எழுதிக் கொடுக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே வண்டியில் வருகிறேன்.

நாலு மணி விஷயத்தை நான் எழுதியிருக்கக்கூடாது. அது தப்பு. ஆனால் மார்ச்சிலேயே சொல்லாமல் மே மாதம்வரை அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதை மறைத்தாயே, அதற்கு வீம்பு என்று பெயர் வைத்தாயே, அதை நான் விடமாட்டேன். அவள் உனக்கு மட்டும் அம்மா இல்லை. நேரில் வந்து கேட்கிறேன்.

முட்டை போன ஆலாக்கள் இன்னும் போகவில்லை. மேட்டில் இடம் கிடைத்தால் இந்த மாதத்துக்குள் மறுபடி முட்டையிடும். அதற்குத்தான் நானும் படகுக்காரரும் விடிகாலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக மேட்டைத் திறந்துகொண்டிருந்தோம். பாதியில் விட்டுவிட்டு வருகிறேன். இங்கே வேறு ஆள் கிடையாது. பத்துப் பேரைக் கேட்டேன், உனக்கு விளையாட்டாக இருந்தது. நீயே ஒருநாள் வந்து அந்தச் சேற்றில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு என்ன மருந்து, என்ன சாப்பாடு என்று எழுதிவை.

தங்கை


மே 15
(சாப்பாட்டு மேசையில்)

வாலு,

பிரயாணம் சௌகரியமாக இருந்ததா? அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டாள். மருந்துகளை அலமாரியின் மேல்தட்டில் வேளைவாரியாக வைத்திருக்கிறேன். உதவிக்கு வரும் பெண் நீ வரும்வரை இருப்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

நான் கிளம்புகிறேன். உன்னைக் கொண்டுவந்து விட்ட வண்டி சந்தைப் பக்கம் சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பும், அதில் போகிறேன். நீயே வந்து நின்று பார் என்று எழுதியிருந்தாய். சரி. மூன்று வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஜூன் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுவேன். என் விண்ணப்பத்தை நானே எழுதி, எனக்குப் பிறகு வந்தவரிடமே கொடுத்தேன். விசாரணையில் இருக்கும் நிலையம் என்றார். விசாரிக்கப்படுகிறவளே போகிறேன், அனுப்புங்கள் என்றேன்.

உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்தான். பார்த்தால் சண்டை வரும், வண்டி போய்விடும்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ இரண்டு கடிதத்திலும் ஒவ்வொரு வரியில் கேட்டிருக்கிறாய். மிச்சமெல்லாம் காற்று, தண்ணீர், படகுக்காரரின் நகைச்சுவை. ஐந்தாம் தேதி போய்விட்டது. நீ வரவில்லை. எப்போது வருகிறாய் என்று ஒரு சொல் இல்லை.

எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. மண்வெட்டி பிடித்த கை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன், படுத்திருக்கிற ஒரு மனுஷியைத் திருப்பிப் போடத் தெரியவில்லை. முதல் வாரம் அவளுக்கு வலிக்கும்படியாகத் திருப்பிவிட்டேன், என் கையைக் கடித்தாள். ஊட்டினால் துப்புகிறாள். துப்பிவிட்டுச் சிரிக்கிறாள். சமையலறைக்குப் போய் நின்று பாத்திரத்தைத் தரையில் ஓங்கி அடித்தேன். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து, அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள் என்று கை நடுங்காமல் எப்படி எழுதினாய்? அதை நினைக்கும்போது உன்மேல் பரிதாபம் வர வேண்டும். வரவில்லை. உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போலத்தான் இருக்கிறது.

என் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. நான் யாரிடமும் அழவில்லை, உன்னிடம் சொல்கிறேன். தினமும் சொல்லிப் பார்த்தேன், விட்டுவிட்டேன். நேற்று என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நீ புதுசா வந்த பொண்ணா?”

ஆமாம் என்றேன்.

“பழைய பொண்ணு எங்க போனா? அவ கோவக்காரி. ஆனா நல்லாப் பாத்துக்கிட்டா.”

வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். அதற்கப்புறம் சாயங்காலம்வரை கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆகவே நீ வர வேண்டும். எனக்காக இல்லை. தேதி போட்டு எழுது. ஆலாக்கள் மேட்டில் இறங்கினவா இல்லையா என்பதையும் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சேற்றில் நின்றால் கால்விரல் இடுக்கில் புண் வரும், உலரவிடு.

தங்கை


ஜூன் 19

என் வாலுவுக்கு,

கால்விரலில் புண் வந்து ஆறிவிட்டது. எனக்கு வேறு குறை இல்லை. உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு.

மேட்டில் இறங்கிவிட்டன. நான் வந்த ஒன்பதாம் நாள் பாதி மேடு வெறும் மணலாகிவிட்டது, அன்றோடு படகுக்காரர் என்னைத் திட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். நீ சொல்லிவைத்தாயாம். இப்போது கரையில் உட்கார்ந்து பார்க்கிறேன். முந்தாநாள் குஞ்சுகள் வந்தன. மணல் நிறத்திலேயே இருக்கின்றன, அசைந்தால்தான் தெரிகிறது. காற்று இரண்டு முறை எதிராக அடித்தது, தண்ணீர் ஓரம்வரை ஏறியது, மேட்டைத் தொடவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக இருந்தேன்.

தேதி கேட்டிருக்கிறாய். எழுத மாட்டேன். உன்னை ஏமாற்ற இல்லை. ஒரு தேதியைப் போட்டால் அந்தத் தேதிக்கு நான் வந்துவிடுவேன், எனக்கு அது தெரியும். மூன்று வருடத்துக்குப் பிறகு இங்கேதான் படுத்தால் விடியும்வரை தூங்குகிறேன். சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிவிட்டேன். நான் செய்வது நியாயமா என்று கேட்காதே. நீ என்மேல் கோபமாக இரு. எனக்கும் உன்மேல் இத்தனை வருடம் கோபம் இருந்தது, ஒருவரும் செத்துப்போகவில்லை. பழைய பெண் வருவாள். இன்றைக்கு இல்லை.

அதுவரை ஒன்று மட்டும். அம்மாவை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவை, இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணை இருக்கட்டும், வலிக்காது. தூங்கப்போகும்போது கையைக் காற்றில் நீட்டித் துழாவுவாள். எட்டிப் பிடித்துக்கொள், போதும். யாருடைய கை என்று அவள் கேட்பதில்லை.

அக்கா